பனியன் டேக் அடிக்கும் பிரஸ்ஸில் விளையாட்டு கார்டு: என் இரண்டு வருட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ரிவ்யூவில் பிரஸ்ஸின் பெயர் இருக்காது. அதன் உரிமையாளர் அண்ணன் அப்படித்தான் கேட்டுக்கொண்டார். அவருடைய பிழைப்பு எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு அடித்துக் கொடுக்கும் ஹேங் டேக்கில் (துணியில் நூல் கோத்துத் தொங்கவிடும் அட்டை) இருக்கிறது, ஆளாளுக்கு இருபது ஷீட் முப்பது ஷீட் என்று வந்து நின்றால் ஷிப்மென்ட் வேலை கெட்டுப்போகும் என்கிறார், அது நியாயம்தான். ஆனால் திருப்பூரில் டேக் அடிக்கும் பிரஸ்ஸுக்குப் பஞ்சமே கிடையாது, நான் எழுதுவதில் முக்கால்வாசி மற்ற பிரஸ்களுக்கும் பொருந்தும். கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ கரூரிலோ உட்கார்ந்து சொந்தமாக ஒரு போர்டு கேம் செய்து பார்க்க நினைக்கிறவர்கள், கார்டு எங்கே அடிப்பது என்று தெரியாமல் நின்றுபோகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்கும் கம்பெனிகளின் ஆர்டரைக் கவனித்துக்கொள்பவளாக, ஒன்பது வருடம் வேலை பார்த்தேன், இப்போது முழு நேரமாக போர்டு கேம் வடிவமைக்கிறேன். ஒரு விளையாட்டு முடிந்து இன்னொன்று பாதியில் இருக்கிறது. முழு நேரம் என்றால் நாள் முழுக்க விளையாடுவதாக நிறையப் பேர் நினைக்கிறார்கள். என் ஒரு நாளில் விளையாட்டு நடப்பது சாயங்காலம் இரண்டு மணி நேரம், அதுவும் நான் விளையாடுவதில்லை, மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறேன். மற்ற நேரமெல்லாம் கணக்கு, எழுத்து, கத்தரிப்பது, ஒட்டுவது, அப்புறம் இந்தப் பிரஸ்.

காலை வேலை பெரும்பாலும் கணக்குதான். அது என்ன கணக்கு என்று கேட்பவர்களுக்கு நான் தாயத்தை வைத்துச் சொல்வேன், எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம் என்பதால். தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு முகம், 0, 1, 2, 3. ஆக மொத்தம் 16 விதமாக விழலாம். தாயம், அதாவது கூட்டினால் ஒன்று, அது இரண்டே விதத்தில்தான் விழும், எட்டுக்கு ஒன்று என்ற வாய்ப்பு. அப்படியானால் தொடர்ந்து ஐந்து முறை உருட்டியும் தாயம் விழாமல் போவது எவ்வளவு சாதாரணம் என்று பார்த்தால், பாதிக்குக் கொஞ்சம் மேலேயே வருகிறது. பாதிப் பேர் ஐந்து சுற்று காய் இறக்காமலே உட்கார்ந்திருப்பார்கள். கோடை லீவில் பாட்டி வீட்டுத் திண்ணையில் அது யாருக்கும் உறுத்தவில்லை, மதியம் முழுக்க நேரம் இருந்தது. 45 நிமிடத்தில் முடிய வேண்டிய ஆட்டத்தில் ஒருத்தரை ஐந்து சுற்று சும்மா உட்கார வைத்தால் அவர் போனை எடுத்துவிடுவார், எடுத்தவரைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவருவது கஷ்டம். இந்த மாதிரி இடங்களைப் பென்சிலும் எக்செல்லும் வைத்துக் கண்டுபிடித்து அடைப்பதுதான் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை நான் செய்வது.

இப்போது கையில் இருக்கும் ஆட்டம் வாரச் சந்தையைப் பற்றியது. நம்ம பக்கம் ஊருக்கு ஒரு கிழமை சந்தை கூடும், வியாபாரி சரக்கை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார், அந்தச் சுற்றுதான் ஆட்டம். ஈரோடு மஞ்சள், பொள்ளாச்சி தேங்காய், ஊத்துக்குளி வெண்ணெய், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, பவானி ஜமக்காளம், சென்னிமலை போர்வை என்று ஆறு சரக்கு, சரக்குக்கு ஏழு கார்டு, சந்தைக் கார்டு பன்னிரண்டு, மொத்தம் 54.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். முதல் பத்து வடிவத்துக்கு எந்தப் பிரஸ் பக்கமும் போகாதீர்கள். பழைய பேப்பர் கடையில் ரிஜெக்ட் ஆன டேக் கட்டுக்கட்டாகக் கிடைக்கும், சிலவற்றின் பின்பக்கம் பளபளப்பு இல்லாமல் இருக்கும், பென்சிலில் எழுதலாம், அழிக்கலாம், கிழித்துப் போட்டாலும் மனசு வலிக்காது. என் சந்தை ஆட்டத்தின் முதல் வடிவம் ஏதோ ஒரு ஐரோப்பியக் கம்பெனியின் குழந்தைச் சட்டை டேக்கின் முதுகில்தான் இருந்தது. அதில் பணம் இருந்தது, கடன் இருந்தது, லாரி இருந்தது. நாலாவது வடிவத்தில் லாரி போனது, ஏழாவதில் கடன் போனது. அச்சடித்திருந்தால் எதையும் தூக்கிப்போட மனசு வந்திருக்காது, இவ்வளவு செலவு பண்ணிவிட்டோமே என்று லாரியைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

அச்சு தேவைப்படுவது முன்பின் தெரியாதவர்கள் கையில் கொடுக்கும்போது. என் கையெழுத்தில் கொடுத்தால் அவர்களுக்குப் படிக்கவே நேரம் போகிறது, டேக் அட்டையைக் குலுக்கிப் போடவும் வராது. அப்போது ஒரே அளவில், ஒரே கனத்தில், முனை மழுங்கின 54 கார்டு வேண்டும், அதுவும் பத்து செட்டோ பதினைந்து செட்டோதான், ஆயிரம் இல்லை.

இங்கேதான் எல்லோரும் மாட்டுவார்கள். நானும் மாட்டினேன். பக்கத்தில் இருக்கும் டிஜிட்டல் பிரிண்ட் கடையில் அடித்துக் கையால் வெட்டினால் ஒரு கார்டு அரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்கும், கட்டைக் கையில் பிடித்த உடனே அந்தக் கார்டு விரலில் தட்டுப்படும், எது எந்தக் கார்டு என்று பார்க்காமலே தெரிந்துவிடும். பெரிய ஆஃப்செட் பிரஸ் ஒன்றில் கேட்டால் பக்கத்துக்கு நாலு பிளேட் (நிறத்துக்கு ஒரு அச்சுத் தகடு) போடணும், ஆயிரத்துக்குக் குறைந்து மெஷினில் ஏற்ற முடியாது என்றார்கள், அவர்கள் சொன்னதில் தப்பில்லை. வெளிநாட்டில் ஒரு செட் கூட அடித்து அனுப்பும் சேவைகள் இருக்கின்றன, தரம் நன்றாக இருக்கும், ஆனால் கூரியரும் கஸ்டம்ஸும் சேர்ந்தால் கார்டின் விலையைவிட அதுதான் அதிகம், வந்து சேர வாரக் கணக்காகும். அந்த நேரத்தில் எனக்கு ஆட்டத்தின் இரண்டு விதி மாறியிருக்கும்.

அப்புறம்தான் ஒரு நாள் பீரோவில் கிடந்த பழைய டேக் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது உறைத்தது. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் அட்டையின் எடை, கிராமில்) ஆர்ட் கார்டு, இரண்டு பக்கமும் மல்டிகலர், மேட் (பளபளப்பில்லாத) லேமினேஷன், டை (அளவுக்கு வெட்டும் கத்தி அச்சு) வைத்துப் பஞ்ச் பண்ணி முனை மழுங்கியிருக்கிறது. இதில் ஓட்டை மட்டும் இல்லாவிட்டால் இது விளையாட்டுக் கார்டு. ஒன்பது வருடம் இதை அப்ரூவலுக்கு அனுப்பி அனுப்பிச் சலித்தவள் நான்.

முதல் நாள் போனபோது அண்ணனுக்கு என்ன வேண்டும் என்று புரியவைக்கக் கொஞ்சம் நேரமானது. "ஏனுங் அம்மிணி, சீட்டாட்டக் கட்டுங்களா? காசு வெச்சு ஆடறதெல்லாம் நமக்கு வேண்டாமுங்க, நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா நான் என்ன சொல்றது" என்றார். காசு இல்லை, குழந்தைகளும் பெரியவர்களும் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் என்று கையில் இருந்த பென்சில் கட்டை எடுத்து மேசையில் பரப்பிக் காட்டினேன். இது இன்னும் முடியவில்லை, பத்து செட் அடித்து ஆடிப் பார்த்து, மாற்றி, மறுபடி பத்து செட் அடிக்க வேண்டும், எத்தனை தடவை என்று தெரியாது என்றேன். அவர் முகம் உடனே தெளிந்தது. "அட, சாம்பிளுங்களா! அப்படிச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு இந்தக் கடை பிடித்துப்போனதற்குக் காரணம் அந்த ஒரு வார்த்தை. புரோட்டோ சாம்பிள், ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பிபி சாம்பிள் என்று ஒரு சட்டைக்கே நாலைந்து தடவை தைத்து அனுப்பி, பையர் (ஆர்டர் கொடுத்த கம்பெனி) வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் மறுபடி தைக்கிற ஊர் இது. தப்பாகப் போகப்போகிற ஒன்றை ஒழுங்காகச் செய்து கொடுக்க வேண்டும் என்பது இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்ற இடங்களில் இரண்டாவது தடவை திருத்திக்கொண்டு போனாலே "போன தடவையே பார்த்துச் சொல்லியிருக்கலாமே" என்பார்கள். இங்கே ஃபைலின் பெயரிலேயே வி3, வி4 என்று அவர்களாகவே போட்டு வைத்துக்கொள்கிறார்கள். சாம்பிளுக்கென்றே ஒரு டிஜிட்டல் மெஷினும் வைத்திருக்கிறார்கள், என் வேலை எல்லாம் அதில்தான்.

அளவு விவரம் கேட்பவர்களுக்கு: நான் போடுவது 63க்கு 88 மில்லிமீட்டர், உலகம் முழுக்கப் பொதுவான சீட்டு அளவு, கார்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறை வாங்கினாலும் சரியாகப் பொருந்தும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும்போது கழிந்துபோகும் அதிகப்படி அச்சு) விட்டால் 12க்கு 18 இன்ச் ஷீட்டில் பதினெட்டு கார்டு உட்காருகிறது. 54 கார்டு என்றால் சரியாக மூன்று ஷீட், வீணே இல்லை. ஆட்டத்தில் எத்தனை கார்டு என்று முடிவு செய்யும்போதே இதை மனதில் வையுங்கள், எனக்கு முதலில் 57 கார்டு இருந்தது, மூன்று கார்டுக்காக செட்டுக்கு இன்னொரு ஷீட் போனது, அந்த மூன்றும் ஆட்டத்துக்குத் தேவையே இல்லை என்று ஷீட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கடைசியாக நான் கொடுத்த பில்: பத்து செட், முப்பது ஷீட், இருபக்கம் ஷீட்டுக்கு 38 ரூபாய், லேமினேஷன் இருபக்கமும் சேர்த்து ஷீட்டுக்கு 12, பஞ்சிங் மொத்தமாக 500. ஆக 2,000 ரூபாய், செட்டுக்கு 200. டை செய்தது தனி, 2,200, அது ஒரே தடவைதான், டை அங்கேயே சுவரில் என் பெயர் எழுதித் தொங்குகிறது. அடுத்த ஆட்டத்துக்கும் அதே அளவு என்பதால் அதே டை போதும்.

இனி குறைகள். ஒன்றையும் மறைக்கவில்லை.

முதல் தடவை கட்டைப் பிரித்துப் பார்த்தேன், பத்து செட்டிலும் எல்லாக் கார்டுக்கும் தலையில் ஓட்டை. பஞ்சிங் முடிந்ததும் பக்கத்து மேசையில் டிரில் போடும் பையன்கள் பழக்கத்தில் வரிசையாகப் போட்டுத் தள்ளிவிட்டார்கள், அவர்கள் கைக்கு வரும் எல்லாமே நூல் கோக்கிற டேக்தானே. எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது, அந்த வாரம் ஒரு கல்லூரி ஹாஸ்டலில் இருபது பேரை உட்கார வைத்திருந்தேன். அண்ணன் மறுபேச்சு இல்லாமல் அன்றிரவே திரும்ப அடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜாப் கார்டிலும் (பிரஸ்ஸின் வேலைச் சீட்டு) சிவப்பு மையில் "ஓட்டை இல்லை" என்று எழுதச் சொல்லி, எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இரண்டாவது, முன்பக்கமும் பின்பக்கமும் நூல் பிடித்த மாதிரி நேராக உட்காராது. ஒரு மில்லிமீட்டர் நகரும், சில ஷீட்டில் ஒன்றரை. டேக்கில் அது பெரிய விஷயமில்லை. விளையாட்டில் பெரிய விஷயம். கார்டின் முதுகில் நான் மெல்லிய வெள்ளைக் கரை வைத்திருந்தேன், அழகுக்காக. ஒரு மில்லிமீட்டர் நகர்ந்ததும் சில கார்டில் இடது கரை தடித்தது, சிலதில் வலது கரை. ஹாஸ்டல் பையன் ஒருவன் இரண்டாவது ஆட்டத்திலேயே முதுகைப் பார்த்து எது சந்தைக் கார்டு, எது சரக்குக் கார்டு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான், ஏனென்றால் இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு ஷீட்டில் அடித்தவை. அந்தத் தப்பு என் வடிவத்தில் இருந்தது. இப்போது முதுகில் கரையே கிடையாது, ஜமக்காளக் கோடு மாதிரி ஓரம் வரைக்கும் ஓடும் பட்டை, நகர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

டை கத்தியில் ஷீட்டோடு பிடித்து நிற்க சின்னச் சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள், கார்டை உதிர்த்த பிறகு அந்த இடத்தில் ஓரத்தில் கடுகு அளவு பிசிறு நிற்கும். கட்டாகச் சேர்த்துப் பிடித்து மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும். இதை அவர்கள் செய்து தருவதில்லை, நான் வீட்டில் செய்கிறேன். லேமினேஷன் ஒரு பக்கம் மட்டும் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள், இரண்டு நாளில் கார்டு ஓடு மாதிரி வளைந்துவிடும். கிளாஸ் (பளபளப்பு) லேமினேஷன் வேண்டாம், டியூப் லைட் அடித்து எழுத்து தெரியாது, கட்டில் ஒன்றோடொன்று ஒட்டும். மேட்தான். அதிலும் கிளாஸில் விழாத நகக்கீறல் விழும், மாதிரிப் பிரதிக்கு அது பரவாயில்லை.

கனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல விளையாட்டுக் கார்டில் நடுவில் ஒரு கருப்பு அடுக்கோ நீல அடுக்கோ இருக்கும், வெளிச்சம் ஊடுருவாது. டேக்குக்கு வரும் ஆர்ட் கார்டில் அது இல்லை. விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் நிழலாகத் தெரியும். முதுகை அடர்ந்த நிறமாக வைத்தால் ஓரளவு மறையும். விற்பனைக்கு இந்தக் கார்டு போதாது, ஆடிப் பார்க்கத் தாராளமாகப் போதும். ஜெர்மனியில் எசன் நகரத்தில் ஒவ்வொரு அக்டோபரிலும் நடக்கும் ஷ்பீல் என்ற போர்டு கேம் கண்காட்சிக்கு மாதிரிப் பிரதி கொண்டுபோகிறவர்கள்கூட உறைக்குள் சாதாரணக் காகிதத்தைச் செருகித்தான் பதிப்பகத்தாரிடம் காட்டுகிறார்கள், ஆட்டம் ஓடுகிறதா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். அதனால் இந்தக் கட்டத்தில் ஓவியருக்குக் காசு கொட்ட வேண்டாம்.

நிறத்தில் இந்தப் பிரஸ்ஸை அடிக்க ஆளில்லை. மஞ்சள், வெண்ணெய், நாட்டுச்சர்க்கரை மூன்றும் என் வடிவத்தில் மஞ்சளும் இளமஞ்சளும் பழுப்பு மஞ்சளுமாக இருந்தன, கம்ப்யூட்டரில் தனித்தனியாகத் தெரிந்தது, அடித்து வந்ததும் ராத்திரி எல்ஈடி வெளிச்சத்தில் மூன்றும் ஒன்று மாதிரி. டிசைன் பிரிவில் இருக்கும் தம்பி பேண்டோன் என்ற நிற மாதிரிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னை ஜன்னல் பக்கம் கூட்டிப் போய், அப்புறம் டியூப் லைட்டுக்குக் கீழே கூட்டிப் போய், இரண்டு இடத்திலும் விலகித் தெரிகிற மூன்று நிறத்தைப் பொறுக்கிக் கொடுத்தார். பையருக்கு ஷேடு சரியில்லை என்றால் மொத்தச் சரக்கும் திரும்பும் என்ற பயத்தில் வளர்ந்த கண் அது. அவர் சொல்லித்தான் நிறத்தோடு சின்னப் படமும் மூலையில் போட்டேன், சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்களும் ஆடலாம்.

அடுத்த பிரச்சனை கட்டு போடுவது. டேக் என்றால் ஒரே டிசைன் நூறு நூறாக எண்ணி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுப்பார்கள். எனக்கு 54 கார்டும் வேறு வேறாக ஒரு கட்டில் வேண்டும். ஒரு தடவை 50 செட் அடித்தபோது மஞ்சள் ஒரு கட்டு, தேங்காய் ஒரு கட்டு என்று 2,700 கார்டும் வகை பிரித்து வந்தது, அம்மாவும் நானும் இரண்டு ராத்திரி கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து செட் சேர்த்தோம். அடுத்த தடவை பேக்கிங் அக்காவிடம் போய், "அக்கா, இது ரேஷியோ பேக்கிங் மாதிரி, எஸ் ஒண்ணு, எம் ரெண்டு, எல் ரெண்டுன்னு பாக்ஸ் போடுவோமில்ல, அப்படி" என்றேன். அவ்வளவுதான். "இதுக்குப் போயா அம்மிணி ரெண்டு நாளு கண்ணு முழிச்சே" என்று சொல்லிவிட்டு மேசையில் 54 குவியல் வைத்து வரிசையாக நடந்து நடந்து எடுத்தார், ஒரு கார்டு கூடக் குறையவில்லை. இதற்குத் தனியாக ஏதாவது கொடுத்துவிடுங்கள், பில்லில் அது வராது.

என் ஆட்டத்தைப் பிரஸ்காரர் வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970இல் பிரிவு 3(எம்) விளையாடும் முறைக்குக் காப்புரிமை கிடையாது என்றே சொல்கிறது. நீங்கள் எழுதிய விதிப் புத்தகத்துக்கும் படத்துக்கும் பதிப்புரிமை உண்டு, ஆடும் முறைக்கு இல்லை. அதனால் பூட்டி வைத்துப் பிரயோஜனமில்லை, ஆடக் கொடுக்காத ஆட்டம் தேறவும் தேறாது. பையர் டிசைன் வெளியே போகக் கூடாது என்பதில் இந்த ஊர் பிரஸ்களுக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு, என் ஷீட்டின் கழிவைக்கூட கிழித்துத்தான் மூட்டையில் போடுகிறார்கள். எனக்கு அது போதும்.

சாயங்கால வேலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பிரஸ்ஸின் அருமை முழுசாகத் தெரியாது. ஆறரைக்கு மேல் யாராவது நாலு பேரைப் பிடித்து உட்கார வைப்பேன். வீட்டு மாடி, பேக்கரியில் ஃபேன் காற்று படாத மூலை மேசை, அப்பார்ட்மென்ட் செக்யூரிட்டி அறைக்கு முன்னால் இருக்கும் திட்டு, எதுவும் சரிதான். விதித் தாளைக் கொடுத்துவிட்டு நான் வாயே திறக்கக் கூடாது. இதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான காரியம், தப்பாக ஆடுகிறார்கள் என்று தெரியும், சொல்லிக்கொடுக்க நாக்கு துடிக்கும், ஆனால் கடையில் வாங்கிப் போகிறவர் வீட்டில் நான் போய் உட்கார முடியாதே. ஆடி முடித்ததும் நல்லாருக்கா என்று மட்டும் கேட்காதீர்கள். நம்ம ஊர் மரியாதைக்கு எல்லோரும் "நல்லாருக்குதுங்க" என்றுதான் சொல்வார்கள், மோர் கொடுத்தாலும் அதே பதில்தான். யார் எப்போது போனை எடுத்தார், எந்தக் கார்டை வைத்துக்கொண்டு முழித்தார், யார் இன்னொரு ஆட்டம் போடலாம் என்று தானாகக் கேட்டார், அதைத்தான் நான் நோட்டில் எழுதுகிறேன்.

ராத்திரி விதித் தாளைத் திருத்துவேன். தமிழில் விதி எழுதுவதில் ஒரு சிக்கல், ஒரு பொருளுக்கு ஒரே சொல்லைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். கையில் இருக்கும் கார்டுக்கு "கையிருப்பு" என்று ஒரு இடத்திலும் "கைச்சரக்கு" என்று இன்னொரு இடத்திலும் எழுதிவிட்டேன், இரண்டும் வேறு என்று நினைத்து ஒரு குடும்பமே இருபது நிமிடம் வாதாடியது. பள்ளியில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடாதே என்று சொல்லிக்கொடுத்தார்கள், இங்கே திரும்பத் திரும்பப் போட்டால்தான் ஆட்டம் ஓடும்.

ஆக, சாயங்காலம் ஒன்று உடையும், ராத்திரி திருத்துவேன், காலையில் கணக்குப் போட்டுப் பார்ப்பேன், பதினொரு மணிக்குப் பிரஸ்ஸுக்கு ஃபைல் போகும். மறுநாள் மதியம் கார்டு கையில் இருக்கும். பத்துக் கிலோமீட்டருக்குள் பிரஸ் இருப்பதால்தான் வாரத்துக்கு இரண்டு வடிவம் பார்க்க முடிகிறது. வெளியூரில் அடித்துக்கொண்டிருந்தபோது மாதத்துக்கு ஒன்று பார்ப்பதே பெரும்பாடு.

நேரம் பார்த்துப் போங்கள். சனிக்கிழமை போகவே போகாதீர்கள், சம்பள நாள், யாருக்கும் உங்களைப் பார்க்க நேரமிருக்காது. தீபாவளிக்கு முன்னால் ஒரு மாதம் மறந்துவிடுங்கள். ஷிப்மென்ட் இருக்கும் வாரத்தில் மறுநாள் என்று சொன்னது நாலு நாளாகும், அதற்காகச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை, அவர்களுக்குச் சோறு போடுவது அதுதான். ஃபைலை பிடிஎஃப்பாகக் கொடுங்கள், நிறம் சிஎம்ஒய்கேவில் (அச்சுக்கான நாலு மை முறை) இருக்கட்டும், எழுத்தைக் கர்வ் (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்துரு அவர்கள் கோரல் டிராவில் திறக்கும்போது கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போய்விடும். எனக்கு "வெண்ணெய்" ஒரு தடவை அப்படித்தான் சிதைந்து வந்தது.

வெண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது, இதையும் எழுதிவிடுகிறேன். போன மாதம் கட்டு வாங்கப் போனபோது பேக்கிங் மேசையில் மதியச் சாப்பாட்டு நேரம். அக்காவும் இன்னும் இரண்டு பேரும் தூக்குப்போசியை மூடி வைத்துவிட்டு என் கார்டைப் பிரித்து ஆடிக்கொண்டிருந்தார்கள், விதித் தாளைப் படித்து அவர்களாகவே. நான் கதவுப் பக்கமே நின்றுகொண்டேன். என் ஆட்டத்தில் வெண்ணெய்தான் விலை கூடின சரக்கு, எல்லோரும் அதைக் கடைசிவரை கையில் பதுக்கி வைத்து ஒரே நேரத்தில் விற்பார்கள், ஆட்டம் நடுவில் தேங்கி நிற்கும், மூன்று மாதமாக விலையை மாற்றி மாற்றிப் பார்த்தும் எனக்கு அது பிடிபடவில்லை. அக்கா ஊத்துக்குளிக்காரர். கார்டைக் கீழே வைத்துவிட்டு, "இதென்ன அம்மிணி, வெண்ணெயை இத்தனை சந்தைக்குத் தூக்கிட்டுத் திரியறாங்க? ரெண்டு நாளு வெச்சாலே புளிச்ச வாடை அடிச்சிருமே. விக்கலீன்னா அன்னைக்கே உருக்கி நெய்யாக்கிப் போடோணும்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி நான் வேறு எதுவும் செய்யவில்லை. இப்போது வெண்ணெய்க் கார்டைக் கையில் வைத்து ஒரு சந்தை தாண்டினால் தலைகீழாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும், கீழ்ப்பாதியில் நெய் என்று இருக்கும், விலை குறைவு, ஆனால் எத்தனை நாளானாலும் கெடாது. அதற்குப் பிறகு ஆறு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டேன், ஒன்றிலும் தேக்கம் இல்லை.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அந்த அரை, முன்பின் பக்கம் நகர்வதற்காக.

ஏழு வெண்ணெய்க் கார்டு, பத்து செட்டுக்கு எழுபது கார்டு, நாலு ஷீட்டில் அடங்கிவிடும். புதன்கிழமை ஃபைல் கொடுக்கிறேன், ஜாப் கார்டில் "ஓட்டை இல்லை" என்று எழுதிவிட்டு, பத்தில் ஒரு செட் பேக்கிங் அக்கா வீட்டுக்கு என்று சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும்.